வழிச்செலவும் காணிக்கையே

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,



சென்ற அறுப்பின் பண்டிகையின்போது எங்கள் ஆஸ்பத்திரி ஊழியத்தைப் பற்றிச் சொல்ல ஒரு சபைக்குப் போயிருந்தோம். ஆராதனை முடிந்தபின் பெரியவர் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்துப்போய் இப்படிக் கேட்டார்: "கட்டில் வாங்கக் கேளுங்கள், தருகிறோம். ஏழை நோயாளியின் மருந்துக்குக் கேளுங்கள், தருகிறோம். ஒரு நர்ஸம்மா விமானம் ஏறி வெளிநாடு போய்வருவதற்கு நாங்கள் ஏன் ஐயா கொடுக்க வேண்டும்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வருடந்தோறும் தவறாமல் கொடுக்கிறவர் அவர். தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று அறிய அவருக்கு உரிமை உண்டு. அன்று நாங்கள் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பதில் எங்களுக்கே நிறைவாயில்லை. ஆகவே இந்த இதழின் பாடத்தை அவருடைய கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெண்கள் ஐக்கியத்திலும் ஆண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இதை வாசித்துக் கலந்து பேசும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: தீத்து 3:12-14, பிலிப்பியர் 2:25-30, 3 யோவான் 5-8.

1. சேனா என்னும் நியாயசாஸ்திரி

தீத்துவுக்கு எழுதின நிருபத்தின் கடைசியில், நாம் பெரும்பாலும் வேகமாக வாசித்துக் கடந்துபோகும் வாழ்த்துதல்களுக்கு நடுவே, பவுல் ஒரு சிறிய வேலையைத் தீத்துவிடம் ஒப்படைக்கிறார். சேனா, அப்பொல்லோ என்னும் இருவர் பயணம் புறப்படுகிறார்கள். வழியில் அவர்களுக்கு ஒன்றும் குறைவுபடாதபடி கவனித்து அனுப்பிவைக்க வேண்டும் என்பதே அந்த வேலை.

அப்பொல்லோ வல்லமையான பிரசங்கி என்பது நமக்குத் தெரியும். சேனாவைப் பற்றி வேதம் சொல்வதெல்லாம் அவர் ஒரு நியாயசாஸ்திரி என்பது மட்டுமே. சட்டம் கற்றவர், ஒரு தொழிலில் தேறினவர். பிரசங்கியாருக்கும் தொழில் கற்றவருக்கும் ஒரே வசனத்தில், ஒரே அளவில் வழிச்செலவு கொடுக்கச் சொல்லுகிறார் அப்போஸ்தலன். அடுத்த வசனத்திலேயே, பிறருடைய அவசியத் தேவைகளுக்குத் தோள்கொடுக்க விசுவாசிகள் பழகிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுடைய வாழ்க்கை பலன் தராது என்ற கருத்தையும் சேர்த்துவிடுகிறார்.

வழிச்செலவும் பலனும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. வழிச்செலவு வீண்செலவா, பலன் தரும் விதையா என்பதே நம் பெரியவரின் கேள்வி. நம் பகுதியில் நடந்த சில காரியங்களைக் கொண்டு அதற்குப் பதில் தேடுவோம்.

2. கட்டடத்துக்கு முந்தின பயணம்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் திண்டிவனத்தைத் தாண்டுகிறோம். அந்த ஊரில்தான் 1890களில் ஒரு நாள் இரவு மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் பெண்களைக் காப்பாற்ற வரும்படி இளம்பெண் ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர். ஆனால் அந்நிய ஆண் வந்து பார்க்க அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடியுமுன் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள்.

இந்தச் சரித்திரத்தை நம் சபைகளில் கேளாதவர் இல்லை. ஆனால் அதன்பின் நடந்தவற்றின் வரிசையை நாம் கவனிப்பதில்லை. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் கற்றார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவர் இந்தியாவுக்குத் திரும்பும் தறுவாயில்தான் ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஷெல்லின் பணம் கட்டடமாய் நின்றது, அதற்கு ஒரு பெயரும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னே ஒருவர் கடல் கடந்து கற்றுக்கொண்டு திரும்பியிராவிட்டால் அந்தக் கட்டடத்துக்குள் வைத்தியம் பார்க்க யார் இருந்திருப்பார்கள்? கற்றலே முந்தினது, கல்லும் சுண்ணாம்பும் பிந்தினவை.

3. ஒரு பயண மானியம்

அதே வேலூருக்கு 1946இல் டாக்டர் பால் பிராண்ட் வந்தார். 1914இல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிக்குமுன்பு தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினவர். 1947இல் டாக்டர் ராபர்ட் காக்ரேனுடன் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனபோது, விரல்கள் கொக்கிபோல் மடங்கிக்கிடந்த நோயாளி ஒருவரின் கையைப் பிடித்தார். அந்தக் கை அவருடைய கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தது. முடங்கின கையில் இவ்வளவு பலம் எப்படி?

விடை இதுதான். தொழுநோய் எல்லாத் தசைகளையும் முடக்குவதில்லை. கைக்குள் இருக்கும் சிறு தசைகள் செயலிழந்தாலும் முன்கையின் பெரிய தசைகள் பலமாகவே இருக்கின்றன. அப்படியானால் பலமுள்ள தசையின் நாணை எடுத்து விரலுக்கு இணைத்தால் விரல் மறுபடியும் நிமிரும், மடங்கும். 1948இல் வேலூரில் இந்த அறுவைச் சிகிச்சை தொடங்கியது.

ஆனாலும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. நரம்பு ஏன் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்ற சில இடங்களில் மட்டும் பழுதுபடுகிறது? இதற்கு வேலூரில் இருந்துகொண்டே விடை காண முடியவில்லை. நரம்பையும் தசைநாணையும் நன்கு அறிந்தவர்களோ தொழுநோயாளியைக் கண்டிராதவர்கள். இரு சாராரும் சந்திக்க வேண்டியிருந்தது.

1950களின் தொடக்கத்தில் ராக்பெல்லர் அறக்கட்டளை டாக்டர் பிராண்டுக்கு ஒரு பயண மானியம் கொடுத்தது. கட்டடத்துக்கோ கருவிக்கோ அல்ல, அறிவுள்ளவர்களைத் தேடிப்போய்ச் சந்திக்க மட்டுமே. 1952இல் லண்டனில் அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் ராயல் கல்லூரியில் தொழுநோய்க் கைகளைச் சீரமைப்பது பற்றி அவர் சொற்பொழிவு ஆற்றினார். அமெரிக்காவில் கை மருத்துவ நிபுணர்களையும் நரம்பு மருத்துவர்களையும் சந்தித்தார். பாஸ்டனில் டாக்டர் டெனி-பிரௌன் என்னும் நரம்பியல் நிபுணரிடம், இந்தியாவிலிருந்து கொண்டுபோயிருந்த நரம்பு மாதிரிகளைக் காட்டினார். வீங்கிய நரம்பு தன் உறைக்குள்ளேயே நெருக்குண்டு, இரத்தம் கிடைக்காமல் சாகிறது என்னும் விளக்கத்துக்கு அங்கே வழி திறந்தது.

அந்தப் பயணத்தின் முடிவில் நடந்ததை டாக்டர் பிராண்ட் பிற்காலத்தில் பலமுறை சாட்சியாகச் சொன்னதுண்டு. களைத்துப்போய் லண்டன் வந்து சேர்ந்த இரவில், தம் குதிகாலில் உணர்ச்சியில்லை என்று கண்டார். குண்டூசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி, மனைவி பிள்ளைகளை நினைத்து இரவெல்லாம் தவித்தார். காலையில் மறுபடியும் குத்தினபோது சுரீரென்று வலித்தது. நெடும் ரயில் பயணத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் தேவனைத் துதித்தார். வலி சாபம் அல்ல, உடலைக் காக்கும் ஈவு என்பதே அதன்பின் அவர் வாழ்நாளெல்லாம் போதித்த பாடமாயிற்று.

4. பிச்சைக்கு உதவாத கைகள்

இதில் ஊருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கும் வேலூரிலேயே பதில் இருக்கிறது.

விரல் நிமிர்ந்து வீடு திரும்பின நோயாளிகள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். முன்பு மடங்கின கையை நீட்டினால் வழிப்போக்கர்கள் இரங்கிக் காசு போட்டார்கள். இப்போது கை நன்றாயிருக்கிறது, ஆகவே பிச்சை விழுவதில்லை. ஆனால் தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுப்பாரும் இல்லை. கை குணமாயிற்று, வயிறு காய்ந்தது.

இதைக் கேட்ட டாக்டர் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது என்று உணர்ந்தார்கள். வேலூரில் நவஜீவ நிலையம் எழும்பியது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை முதலிய கைத்தொழில்களைக் கற்றார்கள், மர பொம்மைகள் செய்தார்கள். உணர்ச்சியற்ற கையால் உளியை எப்படிப் பிடித்தால் புண்படாது என்பதையும் கற்றார்கள். இளமையில் தச்சு வேலை பழகின டாக்டருக்கு அங்கே அதுவும் பயன்பட்டது.

பிரியமானவர்களே, நம் வட்டாரத்தின் பிழைப்பு கைகளிலும் கால்களிலும்தான் இருக்கிறது. வில்லியனூரில் களிமண்ணைப் பிசைகிறவர்கள், திருக்கனூரில் காகிதக்கூழில் பொம்மை செய்கிறவர்கள், தறியில் உட்காருகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், நாற்று நடுகிறவர்கள் எல்லாரும் கை கால் சுகத்தை நம்பியே குடும்பம் நடத்துகிறார்கள். ஒரு கை மறுபடியும் வேலை செய்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரிகிறது. அதுவே வட்டார முன்னேற்றத்தின் முதல் படி.

5. சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

டாக்டர் பிராண்டின் கீழ் வேலூரில் பணியாற்றியவர் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு பழுதாகி இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அந்நாளில் அப்படிப்பட்டவருக்குப் படுக்கையே கதி என்று இருந்தது. ஆனால் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று டாக்டர் பிராண்ட் அவரைத் தூண்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை மேரி வர்கீஸ் சீராக்கினார்.

பின்பு சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்றார். அதன்பின் உதவித்தொகை பெற்று நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திவந்த மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் பயின்றார். சக்கர நாற்காலியில் இருக்கும் இந்தியப் பெண் ஒருவருக்கு இத்தனை செலவு ஏன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. அவர் திரும்பிவந்து 1963இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அது முன்னோடி. மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விழுந்து முதுகொடிந்த உழைப்பாளிகள் அங்கே உட்காரவும் நகரவும் தொழில் செய்யவும் கற்றுத் திரும்பினார்கள். 1972இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஒருவருடைய வழிச்செலவு எத்தனை பேருக்குப் பிழைப்பாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

6. பாதை இருபுறமும் ஓடுகிறது

வெளிநாட்டார் கொடுக்கிறவர்கள், நாம் வாங்குகிறவர்கள் என்று எண்ணுவது தவறு.

1930களில் இந்தியாவில் டாக்டர் ஜோசப் கானும் இலங்கையில் டாக்டர் மில்ராய் பாலும், தொழுநோயாளிகளின் உள்ளங்காலில் வரும் ஆறாத புண்ணுக்கு ஒரு வைத்தியம் செய்தார்கள். காலோடு முழுவதுமாய் ஒட்டிப் பிடிக்கும்படி மாவுக்கட்டு போட்டு, நோயாளியை நடமாட விட்டார்கள். உடலின் பாரம் புண்ணின்மேல் மட்டும் விழாமல் பாதம் முழுவதும் பரவுவதால் புண் ஆறியது. டாக்டர் பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது இந்த முறையையும் கொண்டுபோனார். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இதே வைத்தியம் பயன்படும் என்பது அங்கே தெளிவாயிற்று. நம் நாட்டு ஏழைகளின் கால்களில் கற்ற பாடம் அமெரிக்கரின் கால்களைக் காப்பாற்றியது.

இந்தப் பாடம் இன்று நமக்கே அவசரமாய்த் தேவைப்படுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. விகிதத்தில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம். அடுத்தது நம் புதுச்சேரி, 26.3 சதவீதம். அதாவது வயதுவந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். தொழுநோயும் தீர்ந்துவிடவில்லை. 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து, 2005இல் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நீங்கிவிட்டது என்று அரசு அறிவித்தபின்னும், உலகின் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டிலேயே கண்டறியப்படுகிறார்கள். இரண்டு நோய்களிலும் காலை இழக்கச் செய்வது ஒன்றே. வலி தெரியாதது.

அறிவு இருபுறமும் ஓடினால் தொழிலும் வளரும் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நல்ல உதாரணம். புதுச்சேரியில் அதன் கிளை 2003 முதல் இயங்குகிறது. கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது, ஏழைகளுக்கு எட்டாத விலை. சேவா அறக்கட்டளை முதலிய வெளிநாட்டு நண்பர்கள் அதைச் செய்யும் நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க உதவினார்கள். 1992இல் ஆரோலேப் தொடங்கியது. லென்ஸ் விலை 10 டாலருக்கும் கீழே இறங்கியது. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று அங்கே வேலைக்கு அமர்ந்தார்கள். இப்போது அந்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அதே 1992இல் அரிமா சங்க அறக்கட்டளையின் உதவியோடு அரவிந்த் ஒரு பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கியது. பிற நாட்டு ஆஸ்பத்திரிக் குழுவினர் அங்கே வந்து கற்றுப்போகிறார்கள். கற்க வந்த வழியிலேயே கற்பிக்கவும் போகிறோம்.

7. எங்கள் குற்றத்தை மறைக்கவில்லை

இத்தனையும் சொன்னபின் எங்கள் சொந்தக் குறையைச் சொல்லாமல் விட்டால் நாங்கள் உண்மையுள்ளவர்களாய் இருக்கமாட்டோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் நர்ஸ் ஒருவரை, சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பைக் கற்கும்படி ஆறு வாரங்களுக்கு வெளிநாடு அனுப்பினோம். நட்புள்ள ஒரு சபை செலவைத் தாங்கியது. அவர் நன்றாய்க் கற்றார். மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிறைய எழுதிக்கொண்டு வந்தார். வந்து எங்களிடம் கேட்டது அதிகமல்ல. ஒரு சிறிய அறை, உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழை, மிருதுவான எம்.சி.ஆர். ரப்பரில் செருப்புத் தைக்க ஒரு தொழிலாளி, வாரத்தில் ஒரு நாள். அந்தச் சமயம் ஆள் பற்றாக்குறை. "அடுத்த மாதம் பார்க்கலாம் சிஸ்டர்" என்று சொல்லி, அவரைப் பிரசவ வார்டில் இராத்திரி டியூட்டியில் போட்டோம். அடுத்த மாதம் வரவேயில்லை. நோட்டுப் புத்தகங்கள் அலமாரிக்குள் போயின.

அந்த வருடம் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து மீனவ சகோதரர் ஒருவர் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் சர்க்கரை அளவு பார்த்தோம், மாத்திரை கொடுத்தோம். அவருடைய உள்ளங்காலை யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர் பகலில் தூங்கிக்கொண்டிருந்தார், ஏனென்றால் இரவு முழுவதும் நாங்கள் அவரைப் பிரசவ வார்டில் நிறுத்தியிருந்தோம். நான்காம் முறை அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலில் ஏறின சிப்பித் துண்டு அவருக்குத் தெரியவேயில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. படகில் அவருக்கிருந்த பங்கை விற்றார்கள். இப்போது அவருடைய மனைவி கூடை சுமந்து மீன் விற்கிறார்.

பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவைப் பவுலிடம் அனுப்பினார்கள். அவர் அங்கே மரண வியாதிப்பட்டுப் பிழைத்தார். அவரைத் திருப்பி அனுப்பும்போது, இவரைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டு கனம்பண்ணுங்கள் என்று பவுல் சபைக்குச் சொல்லி அனுப்பினார். அனுப்புவது பாதி ஊழியம். திரும்பி வருகிறவரை ஏற்றுக்கொண்டு, கற்றதைச் செய்ய இடம் கொடுப்பது மறு பாதி. நாங்கள் டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டோம், திரும்பி வருவதற்குக் கணக்குப் போடவில்லை. பிழை அந்தச் சகோதரியுடையது அல்ல, பயணத்துடையதும் அல்ல, எங்களுடையது.

இப்போது வியாழக்கிழமைதோறும் பாதப் பிரிவு நடக்கிறது. அதே சிஸ்டர்தான் நடத்துகிறார். செருப்புத் தைக்கும் சகோதரர் ஒருவருக்கு அதனால் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. மேலும் இரண்டு நர்ஸுகள் அவரிடம் கற்றிருக்கிறார்கள்.

8. மானியம் தருவோர் கேட்பவை

இப்படிப்பட்ட பயணங்களுக்கு மானியம் தரும் அமைப்புகளும் காலப்போக்கில் இதே பாடத்தைக் கற்றிருக்கின்றன.

ரோட்டரி அறக்கட்டளை 1965 முதல் 2013 வரை குழுப் படிப்புப் பரிமாற்றம் ஒன்றை நடத்தியது. 25 முதல் 40 வயது வரையுள்ள, ரோட்டரி உறுப்பினரல்லாத தொழில் வல்லுநர்கள் சிறு குழுவாக நாலு முதல் ஆறு வாரம் வேறு நாட்டில் தங்கள் தொழிலைப் பார்த்துவந்தார்கள். அதன்பின் வந்த உலகளாவிய மானியத்தில் பார்த்துவருவது மட்டும் போதாது. திட்டத்தின் மொத்தத் தொகை குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். நோய்த் தடுப்பு, சமூகப் பொருளாதார வளர்ச்சி போன்ற குறிப்பிட்ட துறைகளில் ஒன்றைச் சேர்ந்திருக்க வேண்டும். ஊரின் தேவை என்ன என்று முதலில் ஆராய்ந்து காட்ட வேண்டும். மானியம் தீர்ந்தபின்னும் வேலை தொடருமா என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

நார்வே நாட்டின் அமைதிப் படை 1963இல் தன் நாட்டு வாலிபரை மட்டும் பிற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டுவாக்கில் அது முறையை மாற்றிக்கொண்டது. இரு நாட்டு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று ஆள் அனுப்ப வேண்டும், போனவர் தம் நிறுவனத்துக்கே திரும்பிக் கற்றதைப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கமாயிற்று. பின்னர் அது நோரெக் என்று பெயர் பெற்றது.

நம் நாட்டுச் சட்டத்தையும் ஆதரவாளர்கள் அறிந்திருப்பது நல்லது. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. அதன்படி வெளிநாட்டுப் பணம் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில் மட்டுமே வரவேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50 சதவீதம் வரை இடமிருந்தது. ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவும் முடியாது. முன்பெல்லாம் பெரிய ஸ்தாபனங்கள் வாங்கிச் சிறிய மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் பகிர்ந்து கொடுத்த வழி அடைபட்டது. ஆகவே உள்ளூர்ச் சபைகளின் சிறு காணிக்கை முன்னைவிட இப்போது பெரும் பாரத்தைச் சுமக்கிறது.

9. அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில்

போகிறவர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். அது நடக்கக்கூடியதே. நம் பிள்ளைகள் பலர் அப்படித் தங்கியிருக்கிறார்கள், அவர்களை நாம் குற்றப்படுத்த வேண்டாம். ஆனால் திரும்பிவரத் தகுந்த வேலை இங்கே காத்திருக்கிறதா என்பதை நாம் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே ஐயா, நீங்கள் கேட்டதற்கு இப்போது எங்களால் சொல்ல முடிந்த பதில் இது. யாருக்காவது வழிச்செலவு கேட்டு நாங்கள் உங்களிடம் வந்தால், நாலு கேள்விகளை எங்களைக் கேளுங்கள். இந்த ஊரின் எந்தத் தேவைக்காக இவர் போகிறார்? அதை இங்கேயே, வேலூரிலோ மதுரையிலோ கற்க முடியாதா? அவர் திரும்பும் நாளில் அவருக்கு அறையும் கருவியும் நேரமும் தயாராயிருக்குமா? அவர் யாருக்குக் கற்றுக்கொடுப்பார்? நாலுக்கும் நாங்கள் பதில் சொல்ல முடியாவிட்டால், ஒரு ரூபாயும் கொடாதீர்கள். சொன்னால், கட்டிலுக்குக் கொடுக்கும் அதே மனதோடு கொடுங்கள். கட்டிலில் உங்கள் பெயரை எழுதலாம், வழிச்செலவில் எழுத இடமில்லை. ஆனால் கால் இழக்காமல் கடலுக்குப் போகிற ஒரு மனிதனின் நடையில் உங்கள் காணிக்கை நடந்துகொண்டிருக்கும்.

கலந்து பேச

1. சேனாவுக்கு வழிச்செலவு கொடுத்த சபையார் பலனைக் கண்ணால் கண்டிருப்பார்களா? காணாமல் கொடுப்பது நமக்கு ஏன் கடினமாயிருக்கிறது?
2. உங்கள் சபையிலிருந்து படிக்கவோ பயிற்சிக்கோ சென்று திரும்பினவர் யார்? அவர் கற்றதைப் பயன்படுத்தச் சபை இடம் கொடுத்திருக்கிறதா?
3. குணமான கைக்கு வேலை கிடைக்காமல் போனதை வேலூரில் கண்டோம். உங்கள் தெருவில் சுகமடைந்தும் பிழைப்பில்லாமல் இருக்கிறவருக்கு நீங்கள் என்ன செய்யலாம்?
4. உங்கள் வீட்டில் சர்க்கரை நோயுள்ளவரின் உள்ளங்காலை இன்றிரவு பார்ப்பீர்களா? இதற்கு மானியம் தேவையில்லை.

ஜெபத்துக்கு

வியாழக்கிழமைப் பாதப் பிரிவுக்காகவும் அதில் உழைக்கிறவர்களுக்காகவும். காலை இழந்த அந்த மீனவ சகோதரருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும். கற்கச் சென்றிருக்கும் எல்லா மிஷன் ஆஸ்பத்திரி ஊழியர்களும் சுகமாய்த் திரும்பவும், திரும்புகிறவர்களை நாங்கள் கனத்தோடு ஏற்றுக்கொள்ளவும் ஜெபியுங்கள்.


ஆஸ்பத்திரி ஊழியர்கள், புதுச்சேரி